தமிழ் மறவனைப் பார்க்க மலைக்குப் போகிறீர்களா? பாபநாசம், களக்காடு பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று தடவை போய்ப் பார்க்காமல் திரும்பினேன். நான்காவது தடவைதான் தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சியைக் கண்ணாரக் கண்டேன். முதல் தடவை ஆடி அமாவாசை வாரம் என்பதை யோசிக்காமல் கிளம்பிவிட்டேன். காரையார் பக்கத்துச் சொரிமுத்து அய்யனார் கோயில் ஆற்றங்கரை முழுக்கத் திருவிழாவுக்குக் குடில் போட்டுச் சனங்கள் தங்கியிருந்தார்கள். நின்று பார்க்க இடமே இல்லை. இரண்டாம் தடவை மச்சினன் பைக்கை இரவல் வாங்கிப் போனேன். ஆர்.சி. புத்தகம் அவன் வீட்டு அலமாரியில் இருந்தது, மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியோடு திரும்ப வேண்டியதாயிற்று. மூன்றாம் தடவை காகிதமெல்லாம் சரியாக இருந்தது, வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லாத நாளில் இந்தப் பூச்சி வெளியே வராது என்பதுகூட அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பாளையங்கோட்டையில் ஆசிரியர் வேலை பார்க்கிறேன். பிறகு எங்கள் பள்ளிப் பிள்ளைகள் 22 பேரையும் கூட்டிப்போய்க் காட்டினேன். அதற்கு அனுமதி வாங்க அலைந்ததில் கற்றுக்கொண்டது இன்னும் அதிகம். அந்த அலைச்சல் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

1. எதைத் தேடுகிறோம் என்பதைக் கண்ணில் பதிய வையுங்கள்

2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது இதைத்தான். ஆங்கிலத்தில் தமிழ் யோமன், அறிவியல் பெயர் சிரோக்ரோவா தாயிஸ். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் இலங்கையும் இதன் வீடு. சிறகை விரித்தால் 6 முதல் 7.5 சென்டிமீட்டர் வரை இருக்கும். உள்ளங்கையில் பாதிக்கு மேல் வரும்.

சிறகின் மேற்பக்கம் பழுத்த பனம்பழத்தைப் பிளந்தால் தெரியுமே, அந்தச் செம்மஞ்சள். ஓரத்தைச் சுற்றி வேட்டிக்குக் கரை போட்டதுபோல அடர்ந்த கரும்பழுப்பு. பின்சிறகில் அந்தக் கரைக்கு உள்ளே சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் வரிசையாக நிற்கும். சிறகை மூடிவிட்டால் வேறு பூச்சி மாதிரி ஆகிவிடும்: வெளிறிய நிறம், நடுவே மேலிருந்து கீழாக வெள்ளி இழை ஓடியதுபோல ஒரு வெளிர்பட்டை. இந்த இரண்டு பக்கத்தையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் போனால் கண்முன் உட்கார்ந்தாலும் அடையாளம் தெரியாது.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்தப் பூச்சிகளிடம்தான்:

வெந்தய வரியன். ஊருக்குள் எருக்கஞ்செடியைச் சுற்றித் திரிவது. முன்சிறகின் நுனி கறுத்து, அந்தக் கறுப்பில் சாய்வாக வெள்ளைப் பட்டை இருக்கும். நுனியில் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டால் அது மறவன் இல்லை.

டானி கோஸ்டர். தாழ்வாக, மெதுவாக, தத்தித் தத்திப் பறக்கும். பின்சிறகின் கறுப்பு ஓரத்தில் வெளிர்புள்ளிகள் வரிசையாகத் தெரியும்.

காமன் லெப்பர்டு. பேருக்கேற்றபடி சிறகு முழுக்கக் கரும்புள்ளி. ஒரு இடத்தில் உட்காராது.

ரஸ்டிக். இதுதான் உண்மையான சிக்கல். மறவன் இருக்கும் அதே நிழல்காட்டில் இதுவும் இருக்கும். மறவனைவிடச் சிறியது, முன்சிறகில் அகலமான மஞ்சள் பட்டையும் கறுப்பு நுனியும் உண்டு. மறவனுக்கு அந்த மஞ்சள் பட்டை கிடையாது.

இன்னொன்று குரூசர். இது மறவனைவிடப் பெரியது, பின்சிறகில் கண்போலப் புள்ளி இருக்கும். அளவை வைத்தே பிரித்துவிடலாம்.

போவதற்கு முதல் நாள் இரவு இந்த ஆறு பூச்சிகளின் படங்களையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காது.

2. எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யுங்கள்

திருநெல்வேலி மாவட்டத்தில் மறவன் இருக்கும் மலைக்காடு ஏறக்குறைய முழுவதும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. காப்பகத்துக்கு இரண்டு கோட்டங்கள். பாபநாசம், முண்டந்துறை, காரையார், மணிமுத்தாறு, மாஞ்சோலை எல்லாம் அம்பாசமுத்திரம் கோட்டம். தலையணை, செங்கல்தேரி, திருக்குறுங்குடி நம்பி கோயில் பாதை எல்லாம் களக்காடு கோட்டம். இதை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். எங்கள் பள்ளி விண்ணப்பத்தை நான் கோட்டம் மாற்றிக் கொடுத்துவிட்டு ஒன்பது நாள் பதிலுக்குக் காத்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் வீண்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் பரிந்துரை பாபநாசம் – காரையார் சாலைதான். சாவடியைத் தாண்டியதும் சாலை முண்டந்துறை மேட்டுநிலத்தில் ஏறும். ஒரு பக்கம் தாமிரபரணி, ஒரு பக்கம் சேர்வலாறு. சொரிமுத்து அய்யனார் கோயில் வரை பொதுமக்கள் போகிற இடம், ஆற்றங்கரையில் நிழல் உண்டு, ஈரமணல் உண்டு. நான் மறவனைப் பார்த்ததும் அங்கேதான். பாணதீர்த்தம் அருவிக்குக் காரையார் அணைக்குள் படகில் போன கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தலையணை குடும்பத்தோடு போக நல்ல இடம், தண்ணீர் தெளிவாக ஓடும். ஆனால் அது அடிவாரம். மரம் அடர்ந்த ஓடையோரமாகப் பார்த்தால்தான் வாய்ப்பு. முள்ளுக்காட்டு ஓரத்தில் நின்று மறவனைத் தேடுவது பயனில்லை. அதற்கு மேலே செங்கல்தேரி அருமையான காடு, அங்கே போகத் தனி அனுமதி வேண்டும். நம்பி கோயில் பாதையில் சனிக்கிழமை கூட்டம் நிறைய வரும், அன்றைக்கு ஜீப்புகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். பூச்சி பார்க்கப் போகிறவர்கள் வேறு கிழமையில் போங்கள்.

மாஞ்சோலைக்கு எத்தனை வண்டி, எந்த வண்டி என்று கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டிக் கேட்காமல் மணிமுத்தாறு வரை போய் நிற்காதீர்கள். குற்றாலம் இப்போது தென்காசி மாவட்டம், புலிகள் காப்பகத்துக்கு வெளியே இருக்கிறது. அனுமதிச் சிக்கல் குறைவுதான், ஆனால் சாரல் காலத்தில் ஆள் நெரிசலில் எந்தப் பூச்சியும் நின்று கொடுக்காது.

3. மாதமும் நேரமும்

எல்லாவற்றையும்விட இதில்தான் நான் அதிகம் தவறினேன்.

நம்முடைய மலை கிழக்குப் பார்த்த மலை. காலை வெயில் நேராகச் சரிவில் விழும். பிற்பகலில் மேகம் இறங்கி மூடிக்கொள்வது சாதாரணம். ஆகவே 12 மணிக்கு மலை ஏறுகிறவருக்குக் கிடைப்பது நிழலும் குளிரும்தான். காலை 9 முதல் 12 வரை உள்ள மூன்று மணி நேரம்தான் உங்களுக்கான நேரம். 9 மணிக்கு ஆற்றங்கரையில் நிற்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டையிலிருந்து 6 மணிக்குள் புறப்பட்டாக வேண்டும்.

மாதத்துக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை நமக்கு அடைமழை. ஆற்றில் வெள்ளம் வந்தால் அருவிப் பக்கமெல்லாம் அடைத்துவிடுவார்கள். மாசி, பங்குனி காட்டுத்தீ பயம் உள்ள காலம். அப்போதும் உள்ளே விடுவதை நிறுத்தக்கூடும். புலிக் கணக்கெடுப்பு நாட்களிலும் பொதுமக்களுக்கு அனுமதி இருக்காது. ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

மிஞ்சுவது எது? என் குறிப்பேட்டில் மறவன் பதிவான நாட்கள் புரட்டாசியிலும் தை மாதக் கடைசியிலும் இருக்கின்றன. இரண்டுமே முந்திய நாள் மழை பெய்து, மறுநாள் பளிச்சென்று வெயில் அடித்த நாட்கள். கோடை மழைக்குப் பிந்திய காலையும் நல்லது என்று காட்டில் வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். மொத்தத்தில் மழை பெய்த மறுநாள் வெயில் காலையைக் குறிவையுங்கள். லீவு நாளைப் பார்த்துப் போகாமல் வானத்தைப் பார்த்துப் போகிறவருக்குத்தான் பூச்சி கிடைக்கும்.

புறப்படுவதற்கு முந்திய நாள் மாலை கோட்ட அலுவலகத்துக்கோ சாவடிக்கோ போன் போட்டு, "நாளைக்குப் பொதுமக்களை விடுறீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு நிமிட வேலை. நான் அதைச் செய்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

தனியாளாக, சாதாரணப் பார்வையாளராகப் போவதற்கு இவை போதும்:

- ஆதார் அல்லது வாக்காளர் அட்டை, கூட வருகிற ஒவ்வொருவருக்கும். அசலோடு ஒரு நகலும்.
- ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று. வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட ஒரு சிறு கடிதம்.
- வண்டி எண், ஆட்கள் பெயர், போன் எண், திரும்பும் நேரம் எழுதிய ஒரு தாள். சாவடிப் பதிவேட்டில் எழுத இதைக் கொடுத்தால் வரிசை சீக்கிரம் நகரும்.

டிஜிலாக்கரில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். டிஜிலாக்கர் செல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும். செயலி சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும். அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. போன் கேமரா வேறு, பெரிய லென்ஸ் போட்ட கேமரா வேறு. பையில் மறைத்து வைத்துவிட்டு உள்ளே எடுத்தால் பிடிபடும்போது அபராதம். சாவடியிலேயே காட்டிச் சீட்டு வாங்குங்கள், சீட்டைத் திரும்பி வரும்வரை பத்திரமாக வையுங்கள். டிரோன் கொண்டுபோகவே வேண்டாம்.

பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில், தீப்பெட்டி, மதுபாட்டில் எல்லாம் சோதனையில் எடுத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் போதும். சாப்பாட்டை வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான எல்லை. பார்ப்பது, போட்டோ எடுப்பது வரைதான் மேலே சொன்ன காகிதங்கள் செல்லும். வலை வீசிப் பிடிப்பது, புழுவையோ முட்டையையோ எடுத்து வளர்ப்பது, மாதிரி சேகரிப்பது எல்லாம் ஆராய்ச்சிக் கணக்கில் சேரும். அதற்குச் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுத்து அனுமதி வாங்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் நுழைவதற்கே அனுமதி கேட்கிறது. உள்ளிருந்து எதையும் எடுத்து வர விடுவதில்லை. தரையில் கிடக்கும் செத்த பூச்சியின் சிறகும் அதில் அடக்கம். கல்லூரி மாணவர்கள் 'புராஜெக்ட்' என்று சொல்லிக்கொண்டு வலையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

5. பள்ளிப் பிள்ளைகளோடு போவதானால்

ஒரு மாதம் முன்னால் தொடங்குங்கள். எங்களுக்கு முதல் விண்ணப்பத்திலிருந்து அனுமதி கையில் வரும்வரை 31 நாள் ஆனது. அதில் பாதி என் தவறால் போனது.

விண்ணப்பம் பள்ளியின் தலைப்புக் கடிதத்தில், தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, சம்பந்தப்பட்ட கோட்டத்தின் துணை இயக்குநர் பெயருக்கு இருக்க வேண்டும். கூடவே வைக்க வேண்டியவை: பிள்ளைகளின் பெயர், வகுப்பு, வயது, பெற்றோர் போன் எண் அடங்கிய பட்டியல், கூட வரும் ஆசிரியர்களின் அடையாள அட்டை நகல், ஒவ்வொரு பெற்றோரின் சம்மதக் கடிதம், வண்டியின் ஆர்.சி., காப்பீடு, தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம். போகும் தேதியும் அது தவறினால் மாற்றுத் தேதியும். பள்ளிக்கல்வித் துறையிலும் சுற்றுலாவுக்கு அனுமதி வாங்க வேண்டும், அதன் நகலையும் இணையுங்கள்.

நான் விட்ட பிழைகள் இரண்டு. மாற்றுத் தேதி எழுதவில்லை. குறித்த நாளில் மழை எச்சரிக்கை வந்ததும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டி வந்தது. சம்மதக் கடிதத்தில் 'சுற்றுலா' என்று மட்டும் எழுதி வாங்கியிருந்தேன். இடமும் தேதியும் இல்லாததால் அத்தனை கடிதத்தையும் திருப்பி எழுதி வாங்கினோம். பீடி சுற்றும் அம்மாக்கள் வேலையைப் போட்டுவிட்டு இரண்டாம் முறை பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டதை நினைத்தால் இன்னும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கடிதத்தை ஒரே முறை ஒழுங்காக அச்சடித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "தபாலில் போட்டோம்" என்று சொன்னால் எந்த மேஜையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

6. எவ்வளவு ஆகும்

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு, வண்டிக்கு, கேமராவுக்கு என்று தனித்தனி. சாவடியில் பலகை வைத்திருப்பார்கள். அவ்வப்போது மாறுவதால் இங்கே தொகை எழுதவில்லை. சில்லறையாகப் பணம் கொண்டுபோங்கள். ஜிபே நம்பி நிற்க வேண்டாம், காரணம் அதே சிக்னல்தான்.

பைக்கில் போனால் பாளையங்கோட்டையிலிருந்து காரையார் போய்த் திரும்ப ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு 350 முதல் 400 ரூபாய். இரண்டு பேர் போன அன்று சாப்பாடு, கட்டணம் எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடித்தோம். பைக்கை விடுவார்களா என்பதைப் போனில் கேட்கும்போதே கேட்டுவிடுங்கள். சாவடிக்குச் சாவடி விதி வேறு.

பஸ்ஸில் போவது இன்னும் சிக்கனம். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் பஸ் கிடைக்கும், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். ரயில் பிடிக்கிறவர்கள் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கலாம். டிக்கெட் 20 ரூபாய்க்குள். அங்கிருந்து பாபநாசத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. பாபநாசத்துக்கு மேலே காரையார் போகிற பஸ் குறைவு, அதன் நேரத்தை முதலில் விசாரித்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். திரும்பும் பஸ்ஸை விட்டால் காட்டுக்குள் நடந்து வர முடியாது. யானை நடமாடும் பாதை அது.

அம்பாசமுத்திரத்தில் கார் பிடித்தபோது அரை நாளுக்கு எங்களிடம் 2,500 ரூபாய் வாங்கினார்கள். நான்கு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.

பெரிய கேமரா வாங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை. என் பதிவுகளில் பாதி போனில் எடுத்தவைதான்.

7. கரையில் என்ன செய்ய வேண்டும்

முதல் மூன்று தடவையும் கூட்டம், காகிதம், வானிலை தடுத்தன. நான்காம் தடவை கிட்டத்தட்ட நானே கெடுத்துக்கொண்டேன். நான் பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்தேன். செம்மஞ்சளாக எது பறந்தாலும் பின்னால் போவது, கல் தடுக்குவது, அது மரத்துக்கு மேல் போய்விடுவது. அங்கே பணியில் இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், காணிக்காரப் பழங்குடி இளைஞர், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார்.

"சார், எதுக்கு அங்கயும் இங்கயும் ஓடுதீங்க? அது தண்ணி குடிக்க இங்கதான வரும். அந்த மண்ணுக்குப் பக்கத்துல ஒக்காருங்க."

அவர் காட்டியது படித்துறைக்குச் சற்றுத் தள்ளி, ஆறு வற்றி விட்டுச்சென்ற ஒரு ஈரத்திட்டு. மாடு தண்ணீர் குடித்துப் போன தடம் இருந்தது. மணலும் சேறும் கலந்த இடம். அங்கே நான்கு அடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று வந்து இறங்கியது. அதைப் பார்த்து இரண்டாவது. கால் மணி நேரத்தில் ஏழு.

ஆண் பூச்சிகள்தான் இப்படி ஈரமண்ணுக்குக் கூட்டமாக வரும். பூந்தேனில் கிடைக்காத உப்பும் சத்தும் மண்ணில் கரைந்திருக்கிறது. அதை உறிஞ்சத்தான் வருகின்றன. மாட்டு மூத்திரம் விழுந்த இடம் இன்னும் விருப்பம். அருகில் உட்கார்ந்திருந்தால் உறிஞ்சுகுழல் சுருள் பிரிந்து மணலைத் தடவித் தடவி ஈரம் தேடுவது தெரியும். சில நொடிக்கு ஒருமுறை வால் நுனியிலிருந்து ஒரு துளி தண்ணீர் தெறிக்கும். உப்பை வைத்துக்கொண்டு தண்ணீரை வெளியே விடுகிறது. குடிக்கும்போது சிறகு மெல்ல விரிந்து மெல்ல மூடும். விரியும்போது பனம்பழச் செம்மஞ்சள், மூடும்போது அந்த வெள்ளி இழை. ஏழும் சேர்ந்து விரித்து மூடினபோது நான் போனை எடுக்கவே மறந்திருந்தேன்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். பொதுமக்கள் போகலாம் என்று விட்டிருக்கும் கரையில், மரநிழலும் வெயிலும் கலந்து விழும் ஈரத்திட்டைத் தேடுங்கள். சோப்பு நுரை மிதக்கிற படித்துறைப் பக்கம் வேண்டாம். உங்கள் நிழல் பூச்சிகள் மேல் விழாதபடி உட்காருங்கள். நிழல் விழுந்த நொடியில் எல்லாம் எழும்பிவிடும். எழும்பினாலும் எழுந்து ஓடாதீர்கள், அசையாமல் இருந்தால் அதே இடத்துக்குத் திரும்பி வரும். முக்கால் மணி நேரமாவது ஒரே இடத்தில் இருங்கள்.

படம் எடுக்கும்போது தூரத்தில் இருந்தே முதலில் ஒன்று எடுத்துவிடுங்கள். பிறகு தரையோடு கையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நெருங்குங்கள். விரித்த சிறகு ஒரு படம், மூடிய சிறகு ஒரு படம், இரண்டும் வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மழை முடிந்த நாளில் அட்டை ஏறும். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகி, வேப்பெண்ணெய் தடவிக்கொண்டால் போதும். ஏறிய அட்டையைப் பிய்த்து எடுக்காமல் உப்பு வையுங்கள். குரங்கு கையிலிருப்பதைப் பறிக்கும்; பொட்டலத்தை வெளியே எடுக்காதீர்கள். ஆற்றில் இறங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும்.

8. மரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்

மறவனின் புழு தின்பது நீரடிமுத்து வகை மரத்தின் இலை. சித்த மருத்துவத்தில் தோல்நோய்க்கு இதன் கொட்டையைப் பயன்படுத்துவதால் ஊரில் பலருக்குப் பெயர் தெரிந்திருக்கும், மரம் தெரிந்திருக்காது. ஆற்றங்கரையிலும் ஈரமான காட்டிலும் வளரும். காய் உருண்டையாக, விளாங்காய் அளவில், பழுப்பு நிறத்தில், தொட்டால் வெல்வெட் துணிபோல இருக்கும், ஓடு கெட்டி. காவலர்களிடம் கேட்டால் காட்டித் தருவார்கள்.

புழுக்கள் கூட்டமாகத் தின்னும். சில சமயம் கிளையே மொட்டையாகிவிடும். மரத்துக்கு நோய் என்று நினைக்க வேண்டாம், திரும்பத் தளிர்க்கும். புழுவின் உடம்பில் கிளைவிட்ட முட்கள் நிறைய உண்டு. கையில் எடுத்துப் பார்க்காமல் நின்று பாருங்கள்.

இந்த மரத்தை வீட்டில் நட்டால் மறவன் வருமா என்று எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். பாளையங்கோட்டை வெயிலில் வராது, அது மலைக்காட்டுப் பூச்சி. நாட்டுமருந்துக் கடையில் விற்பது மருந்துக்காகக் காயவைத்த கொட்டை, அதை வாங்கி முளைக்கப் போட்டும் ஏமாறாதீர்கள். வீட்டுக்குப் பூச்சி வர வேண்டுமென்றால் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வையுங்கள், கொல்லையில் முளைக்கிற எருக்கை வெட்டாதீர்கள், கிடைத்தால் ஆடுதீண்டாப்பாளை ஒரு கொடி. எங்கள் பள்ளியில் இவை நான்கும் இருக்கின்றன. கறிவேப்பிலையில் இப்போதும் புழு இருக்கிறது.

9. பார்த்ததைப் பதிவு செய்யுங்கள்

இதைச் செய்யாவிட்டால் நீங்கள் பார்த்தது உங்களோடு போய்விடும். பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி இலவசம். ஒரு மின்னஞ்சல் போதும், பத்து நிமிடத்தில் கணக்குத் தொடங்கிவிடலாம். ஊரில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். செப்டம்பர் மாதத்தை நாடு முழுக்கப் பெரும் வண்ணத்துப்பூச்சி மாதம் என்று கொண்டாடுகிறார்கள். முதல் பதிவுக்கு நல்ல சமயம், நம் புரட்டாசிக் காலைக்கும் பொருந்தி வரும்.

போனில் இருப்பிடம் பதியும் வசதியைப் போகும்போதே போட்டு வையுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் படத்தோடு இடம் பதிவாகும். பெரிய கேமராவில் எடுத்தால் அதன் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். என் கேமரா ஒரு வருடம் பின்தங்கி இருந்ததை 40 படங்களுக்குப் பிறகு கண்டுபிடித்தேன்.

பெரிய பொறி வாட்ஸ்அப். கூட வந்தவர் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வாங்கினால் அதிலிருந்த தேதியும் இடமும் அழிந்துவிடும், படமும் சுருங்கிவிடும். அவரையே நேரடியாக ஏற்றச் சொல்லுங்கள், அல்லது 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஏற்றும்போது ஒரே பூச்சியின் படங்களை ஒரே பதிவில் சேருங்கள். ஏழு பூச்சிக்கு ஏழு பதிவு வேண்டியதில்லை, குறிப்பில் எண்ணிக்கை எழுதினால் போதும். வேறொருவரும் பார்த்து அதே பெயரை ஒப்புக்கொண்ட பிறகுதான் பதிவு ஆய்வுத் தரத்துக்கு உயரும். அதற்குத்தான் சிறகின் இரண்டு பக்கமும் கேட்டேன். என் முதல் பதிவில் விரித்த சிறகு மட்டும், அதுவும் பாதி மங்கலாக இருந்தது. 'ரஸ்டிக்காக இருக்குமோ' என்ற ஒருவரின் கேள்வியோடு மூன்று வாரம் அப்படியே கிடந்தது. மூடிய சிறகில் அந்த வெளிர்பட்டை தெரியும் படத்தைத் தேடிப்பிடித்துச் சேர்த்தேன். அன்று மாலைக்குள் இரண்டு பேர் தமிழ் மறவன் என்று உறுதி செய்திருந்தார்கள்.